மாத்திரை போடாத காய்ச்சல்

தமயந்திக்கு ஒரு பழக்கம். யாராவது சுருண்டு படுத்திருந்தால் அவள் கை சும்மா இருக்காது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு போடும் கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரையும் கொடுக்க வேண்டும். மாத்திரையைக் கண்டதும் வேலி தாண்டி ஓடுகிற வாண்டுகளுக்கு அதைப் பொடித்து, நாட்டுச் சர்க்கரையில் குழைத்து, அவர்களுக்கே தெரியாமல் உள்ளே இறக்கிவிடுவாள். இந்த வித்தையில் அவளை மிஞ்ச அந்த ஒன்றியத்திலேயே ஆள் கிடையாது. கடைசியில் அந்த வித்தைதான் அவள் புருஷனின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

புருஷன் மோகனசுந்தரம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். ஏழெட்டு வருஷமாகவே அவருக்கு முட்டி சரியில்லை. ஆடி மாதம் ஒருநாள் மாடிப்படியில் இறங்கும்போது அந்த முட்டி மடங்கி, ஆள் உருண்டு, கைப்பிடித் தகரம் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. ஒரு விரல் நீளக் காயம். இதெல்லாம் ஒரு காயமா என்று துணியைச் சுற்றிக்கொண்டு நாலு நாள் பள்ளிக்கூடம் போனார். ஐந்தாம் நாள் கால் தொடைவரை சிவந்து வீங்கி, நினைவு தப்பி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்படி ஆயிற்று.

முந்தைய தலைமுறையாக இருந்தால் ரெண்டு ஊசியில் எழுந்து உட்கார்ந்திருப்பார். இப்போது அந்தப் பேச்சே இல்லை. கிருமிகள் எல்லா மருந்தையும் பார்த்துச் சலித்துவிட்டன. மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"மருந்து இல்லீங்கம்மா, ஆனா ஆளு இருக்காங்க" என்றார் டாக்டர் ரெஹானா. சின்ன உருவம். பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணை விட்டு நகராத பார்வை.

"ஆளுன்னா எப்படீங்க?"

"நம்ம ரத்தத்துல வெள்ளையணு இருக்கில்லீங்களா, அதுக்கு ஞாபகமே கெடையாது, எது வந்தாலும் ஒரே மாதிரிதான் சண்டை போடும்னு ரொம்பக் காலம் நெனச்சுட்டு இருந்தாங்க. அது தப்பு. ஒரு உடம்பு நல்லாக் காய்ச்சல்ல அடிபட்டு எந்திரிச்சா, அந்தச் சேதி எலும்பு மஜ்ஜை வரைக்கும் போயிருது. அதுக்கப்புறம் அங்கிருந்து பொறந்து வர்ற அணுவெல்லாம் வேற மாதிரி. முன்னால பத்துக் கிருமியில நாலைக் கொன்னுட்டு இருந்தது, இப்ப ஒம்பதைக் கொல்லும். பழைய கிருமியா புதுக் கிருமியான்னு கூடப் பார்க்காது. கொஞ்ச வருஷம் போனா அந்த ஞாபகமும் மங்கிரும்."

"அப்ப இவரு உடம்பும் கத்துக்குமில்லீங்க?"

"கத்துக்கும். அதுக்குள்ள ஆளு இருக்கணுமே. அதனால ஏற்கெனவே கத்துக்கிட்ட ஒரு உடம்புல இருந்து எடுத்து இவருக்கு ஏத்தணும்."

அதற்கென்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் பேர் கொடுத்தவர்களில் இவர் உடம்புக்குப் பொருந்தும் ஒருவரை வரவழைத்து, பல்லைப் பிடுங்கிய ஒரு கிருமியை ஊசியில் போடுவார்கள். மூன்று நாள் காய்ச்சல் கொளுத்தும். மாத்திரை, மருந்து எதுவும் கூடாது. ஐந்தாம் நாள் மெஷினில் ரத்தத்தை விட்டு, வெள்ளையணுவை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பிவிடுவார்கள்.

"ஒருத்தரு ஆயுசுக்கு ரெண்டே தடவைதான் குடுக்கலாம்" என்றார் டாக்டர். "தீட்டி வெச்ச அணு கிருமியோட நிக்காதுங்க. நம்ம மூட்டு, ரத்தக் குழாய்னு வீட்டு ஆளுங்களையும் கொஞ்சம் கீறும். அதனால குடுக்கறது யாருன்னு நீங்க கேக்கவும் கூடாது, தேடிப் போய்ப் பார்க்கவும் கூடாது. அவங்களைத் தொந்தரவு பண்ணினா பட்டியல்ல இருக்கற உங்க நம்பரையே ரத்து பண்ணிருவாங்க."

தமயந்தி தலையாட்டினாள். ஆனால் ரகசியம் என்பது நம்மூர் ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கும். மோகனசுந்தரத்தின் கட்டிலில் தொங்கிய அட்டையில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. நடைபாதையின் கடைசி அறைக் கதவிலும் அதே நாற்பத்தொன்று. அதன் கீழே கொட்டை எழுத்தில், மருந்து கூடாது என்று ஒரு பலகை.

மறுநாள் அந்த வழியாகத் தண்ணீர் பிடிக்கப் போனவள் நின்றுவிட்டாள். கதவு பாதி திறந்திருந்தது. ஆறடி ஆள் ஒருவன், நாற்பது வயது இருக்கும், மூன்று போர்வைக்குள் கிடந்து வெடவெடவென்று நடுங்கினான். அவன் நடுக்கத்தில் இரும்புக் கட்டில் கடகடவென்று சத்தம் போட்டது. இவன் யாரோ. அவர் யாரோ. முகம் பார்க்காத ஒருத்தருக்காகக் காய்ச்சலை வலிய வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறான். தமயந்திக்கு அந்த நிமிஷம் நன்றி பொங்கி வந்தது. அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்றுகூட இருந்தது.

"தம்பி, எந்த ஊருங்க உங்களுக்கு?"

"சங்ககிரிங்க்கா. லாரி ஓட்டறேன். அர்த்தனாரிங்க."

"என்ற ஊட்டுக்காரருக்குத்தான் நீங்க…"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க்கா." பல் தந்தியடித்தது. அதற்கு நடுவிலும் சிரித்தான். "எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"ஏதாச்சும் வேணுங்களா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க போங்க்கா."

ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிற ஆளை விட்டுவிட்டுப் போகிற ஜாதி இல்லை தமயந்தி. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே மருந்துக்கடை இருந்தது. நேராகப் போனாள்.

"காய்ச்சல், ஒடம்பு வலி, குளிரு நடுக்கம். ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க."

"பெரியவங்களா, சின்னவங்களா?" என்றார் கடைக்காரர்.

"நல்ல வாட்டசாட்டமான ஆளு."

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட வெச்சுருவேன்."

வைத்தியப் பரிசோதனை அத்தோடு முடிந்தது. அவர் அட்டையில் இருந்து வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, மிளகைவிடச் சின்னதாக ஒன்று என்று கத்தரித்து, வேளைக்கு ஒரு பொட்டலமாகக் காகிதத்தில் மடித்தார்.

"இந்தத் துளியூண்டு எதுக்குங்க?"

"அது சேர்ந்தாத்தான் கேக்கும்."

பலகையில் மருந்து கூடாது என்று எழுதியிருந்ததை அவள் படிக்காமல் இல்லை. டாக்டர் சொன்னதையும் கேட்டாள்தான். ஆனால் நம்மில் யாருக்கு, மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் மாத்திரை மருந்து என்ற கணக்கில் வருகிறது? மருந்து என்றால் ஊசி, குளுக்கோஸ், டாக்டர் சீட்டு. இது சும்மா வலிக்கு. தலைவலித் தைலம் மாதிரி. சாகக் கிடக்கிற மாதிரி நடுங்குகிற மனுஷனுக்கு ரெண்டு மாத்திரை கொடுப்பது பாவமா என்ன, என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

கேன்டீனில் சுக்குக் காப்பி வாங்கி, கருப்பட்டி கூடுதலாகப் போடச் சொல்லி, பொட்டலத்தைக் கரண்டியால் நசுக்கிக் கலக்கினாள். அர்த்தனாரி ரெண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தான்.

"நல்லா இருக்குதுங்க்கா. எங்கம்மா கையில குடிச்ச மாதிரி இருக்குது."

ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. நடுக்கம் நின்றது. அவன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டதைக் கதவோரம் நின்று பார்த்த தமயந்திக்கு, தொண்ணூறு பிள்ளைகளும் தட்டைக் காலி செய்தது மாதிரி ஒரு நிறைவு. அடுத்த நாளும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் காலை அணு எடுத்தார்கள். மதியம், சுக்குக் காப்பியோடு அவள் மறுபடி அந்த அறைப் பக்கம் வந்தபோது உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. மாத்திரைப் பொட்டலம் தீர்ந்துவிட்டதால் அன்று வெறும் காப்பிதான்.

"அர்த்தனாரி, உங்க அணுவையும் கிருமியையும் ஒரே தட்டுல நாலு மணி நேரம் விட்டு வெச்சேன். ஒண்ணும் நடக்கல. ஊசியே போடாத ஆளோட ரத்தம் மாதிரி இருக்கு. போன தடவை குடுத்தப்ப ஜம்முனு வந்துச்சே! என்ன சாப்பிட்டீங்க?"

கதவுக்கு வெளியே தமயந்தி டம்ளரோடு நின்றுவிட்டாள். உள்ளே அர்த்தனாரி கட்டிலில் புரண்டு படுத்த சத்தம் கேட்டது. அவன் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"தாங்க முடியலீங்க. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டேன்."

"நீங்க எந்திரிக்கவே இல்லையே, எப்படிப் போய் வாங்கினீங்க? அவங்க வீட்டு ஆளு யாராச்சும் வந்தாங்களா? உண்மையைச் சொல்லுங்க. இது ரெண்டு நாள்ல போகப் போற உசுரு."

"யாரும் வரலீங்க. நான் பண்ணின தப்புங்க. என்ற பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துருங்க."

டம்ளர் சூடு விரலைச் சுட்டது. திரும்பிப் போய்விட்டால் அவளை யாரும் கேட்கப் போவதில்லை. நம்பர் தப்பிக்கும், வேறு ஆள் கிடைத்தாலும் கிடைக்கும். உள்ளே போனால் எல்லாம் அத்தோடு முடிந்தது. தமயந்தி ஒரு மூச்சு நேரம் நின்றாள். அந்த ஒரு மூச்சு நேரத்துக்காகப் பிற்பாடு பல நாள் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பிறகு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நாந்தானுங்க குடுத்தேன். சுக்குக் காப்பியில கரைச்சுக் குடுத்தேன். அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

டாக்டர் ரெஹானா அவளையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துளியூண்டு மாத்திரை ஒண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அது ஸ்டீராய்டு. மஜ்ஜை கண்ணு முழிச்சுப் பாடம் படிக்கற நேரத்துல நீங்க அதைத் தாலாட்டித் தூங்க வெச்சிருக்கீங்க." டாக்டருக்குக் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "ஏம்மா, உங்ககிட்டச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அவரு நடுங்கறதைப் பார்க்கச் சகிக்கலீங்க." தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அர்த்தனாரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "இன்னொரு ஊசி போடுங்க டாக்டர்."

"போட்டா உங்களுக்கு மூணாவது."

"இது பலிக்கவே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப ரெண்டாவதுதானுங்களே."

"பலிக்கலைன்னாலும் உங்க உடம்பு பட்டது பட்டதுதான். முட்டி போயிரும் அர்த்தனாரி. லாரி மிதிக்க முடியாது."

"இப்ப வர்ற வண்டியில மிதிக்கறதுக்கு என்னங்க இருக்குது, சும்மா உக்கார்ற வேலைதான்" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "போடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இந்த ஆளுக்குக் குடுக்காம நான் ஊருக்குப் போக முடியாதுங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "அறிக்கையில, கொடையாளி மாத்திரை சாப்பிட்டதால பலிக்கலைன்னு எழுதணும். எழுதுவேன். யாரு குடுத்தாங்கன்னு எழுதறதுக்கு அந்தப் படிவத்துல எடம் இல்ல" என்றார். "இன்னிக்கு ஒரு நாள் மாத்திரை வடியட்டும். நாளைக்கு ஊசி. அதுவரைக்கும் சாதா அணுவை ஏத்தி உங்க வீட்டுக்காரரை இழுத்துப் பிடிக்கப் பார்க்கறேன். தமயந்தியம்மா, எந்திரிங்க. மூணு நாளும் இவரை நீங்கதான் பார்த்துக்கணும். தண்ணி குடுக்கலாம், கஞ்சி குடுக்கலாம், வேர்த்தா துடைக்கலாம். வேற ஒண்ணும் கூடாது."

சோறு வடிப்பது வேலை, பாத்திரம் தேய்ப்பது வேலை. சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தமயந்திக்கு அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. கட்டில் கடகடத்தது. அவன் முனகினான். கண் செருகியது. அவள் ரெண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்ச நேரந்தான் சாமி, கொஞ்ச நேரந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அவனுக்குச் சொன்னதா, அடுத்த அறையில் கிடந்தவருக்குச் சொன்னதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ரெண்டாம் நாள் மதியம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கி ஏறுகிற இடைவெளியில் அவன் கண்ணைத் திறந்தான்.

"எதுக்கு தம்பி, எங்களுக்காக இவ்வளவு?"

"உங்களுக்காகன்னு யாருங்க்கா சொன்னா?" குரல் கம்மியது. "ஒம்பது வருஷத்துக்கு முன்னால, சித்திரை மாசம். லோடோட இந்த வழியா வர்றேன், வயித்துக்குள்ள குடல்வால் வெடிச்சிருச்சு. இதே ஆஸ்பத்திரிதான். யாரோ ஒருத்தரு காய்ச்சலை வாங்கிக்கிட்டுக் குடுத்தாரு, நான் எந்திரிச்சேன். யாருன்னு கேட்டேன், சொல்ல மாட்டேனுட்டாங்க. நானும் பேரு குடுத்து, ஒரு தடவை சேலத்துல ஒரு புள்ளைக்குக் குடுத்துட்டேன். ஆனாலும் மனசு ஆறலீங்க."

தமயந்தி துணியைப் பிழிந்து அவன் கழுத்தைத் துடைத்தாள்.

"போன வாரம் போன் வந்துச்சு. இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கு உங்க உடம்பு அப்படியே பொருந்துதுன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பொருத்தம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானுங்களே? அவருக்கு என்னது சேரும்னா, எனக்கும் அவருது சேந்திருக்கும். அந்த ஆளா டாக்டர்னு கேட்டேன். பதிலே சொல்லாம போனை வெச்சுட்டாங்க."

"அவரு இல்லீங்க தம்பி. என்ற ஊட்டுக்காரரு ஊசின்னாலே…" என்று ஆரம்பித்த தமயந்தி பாதியில் நிறுத்தினாள்.

சித்திரை மாசம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துகிறேன் என்று அவர் சேலம் போன வருஷம். மற்ற வாத்தியார்கள் எல்லாம் எட்டு நாளில் வந்துவிட்டார்கள். இவர் பதினாலாம் நாள் வந்தார், ஐந்து கிலோ இளைத்துப்போய். ரெண்டு முழங்கை மடிப்பிலும் கன்றிப்போன தழும்பு. என்னவென்று கேட்டதற்கு, சேலத்துக் கொசு என்றார். நம்பாமல் ரெண்டு நாள் பேசாமல் இருந்தாள். அதற்கடுத்த வருஷமும் அதே மாதிரி போனார், அதே மாதிரி வந்தார். அதற்கப்புறம்தான் முட்டி வலி. வயசாகுது உங்களுக்கு என்று மாடிப்படி ஏறும்போதெல்லாம் கேலி செய்திருக்கிறாள். கடைசியில் அந்த முட்டிதானே அவரை மாடிப்படியில் மடக்கித் தள்ளியது!

அவள் அர்த்தனாரியைப் பார்த்தாள். அவனுக்கு மறுபடி குளிர ஆரம்பித்திருந்தது. இந்த உடம்புக்குள் ஒரு காலத்தில் அவர் அணு ஓடியிருக்கிறது.

"இருக்குமுங்க தம்பி. அவராத்தான் இருக்கும்" என்றாள். அவன் நடுங்கிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டான். அவளும் கும்பிட்டாள்.

ஐந்தாம் நாள் மறுபடி அணு எடுத்து, தட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் ஓடிவந்தார். "பத்துக்கு ஒம்பதரை!" என்றார், பரீட்சை மார்க் சொல்வது மாதிரி. மஞ்சள் கலந்த பால் நிறத்தில் பை பையாக அது மோகனசுந்தரத்துக்குள் இறங்கியது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாம் நாள் தொடையில் ஏறியிருந்த சிவப்பு முட்டிக்கு இறங்கியது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டார். தமயந்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அர்த்தனாரியை அனுப்பியது அதற்கடுத்த நாள். படியில் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினான். அப்படி இறங்குகிற ஒரு ஆளை ஏழெட்டு வருஷமாக வீட்டில் பார்த்தவள் தமயந்தி. ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள்.

"அவரை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்களேன் தம்பி."

"கூடாதுங்க்கா. சட்டம்." பிறகு, "எழுந்துட்டாரில்ல, போதுங்க. கீழ ஒரு டீ குடிச்சுட்டுக் கெளம்பறேன்" என்றான்.

அவனை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மேலே வந்தாள். மோகனசுந்தரம் தலையணையில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஏனுங்க, ஒம்பது வருஷத்துக்கு முன்னால சேலத்துக்குப் பேப்பர் திருத்தப் போனீங்களே."

"ம்."

"அந்த ஊர்க் கொசு முழங்கை மடிப்புல மட்டுந்தான் கடிக்குமுங்களா?"

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். வகுப்பில் விடை தப்பாகப் போட்டுப் பிடிபட்ட பையன் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"என்கிட்ட ஏனுங்க சொல்லல? நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"வேண்டாம்னு சொல்ல மாட்ட தமயந்தி. அது எனக்குத் தெரியும்." அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "ஆனா மூணு நாள் நான் நடுங்கறதைப் பார்த்துட்டு நீ சும்மா இருப்பியா? மெடிக்கல்ல ரெண்டு வேளைக்கு மாத்திரை வாங்கி, சுக்குக் காப்பியில கரைச்சு, எனக்கே தெரியாம உள்ள தள்ளியிருப்ப. அப்புறம் பாவம், அந்த மனுசன் கதி என்ன ஆகறது?"

தமயந்தி அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. இதற்குப் போய் எதற்கு இவள் இப்படி அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. வெகு நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"அந்த மனுசன் நல்லா இருக்காருங்க" என்றாள். "கீழ டீக்கடையில உக்காந்து பன்னு தின்னுட்டு இருக்காரு."